பிளான் அப்ரூவல் ஏறியிருக்காம்... உடனே இடம் வாங்கலாமா? மாதக் கணக்கை எப்படிப் படிப்பது?



"சேலத்துல இந்த மாசம் பிளான் அப்ரூவல் எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா? இப்ப விட்டீங்கன்னா அப்புறம் இடம் கைக்கு எட்டாது." இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். கூடவே மல்லூர் பக்கமோ முதலைப்பட்டி பக்கமோ கல் நட்டு, கொடி கட்டிய ஒரு சைட்டின் போட்டோவும் இருக்கும்.

மாதம் 50,000, 60,000 சம்பளம் வாங்குபவருக்கு இது சின்ன முடிவு இல்லீங்க. 30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் இ.எம்.ஐ. சுமார் 26,035 ரூபாய். கடன் முடியும்போது மொத்தம் 62 லட்சத்துக்கும் மேல் கட்டியிருப்பீர்கள். ஒரு மாதத்து எண்ணிக்கையை நம்பி 240 மாதத்துக்குக் கையெழுத்துப் போடலாமா? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்த அப்ரூவல்?

"அப்ரூவ்டு" என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஒன்று, மனைப்பிரிவு அனுமதி, அதாவது லேஅவுட் அப்ரூவல். பெரிய நிலத்தை ரோடு, பூங்கா எல்லாம் விட்டு மனைகளாகப் பிரிக்க நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் அனுமதி. பேச்சுவழக்கில் டி.டி.சி.பி. அப்ரூவல்.

இன்னொன்று, கட்டட வரைபட அனுமதி, அதாவது பிளான் அப்ரூவல். அந்த மனையில் நீங்கள் கட்டப்போகும் வீட்டுக்கானது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இதற்கு அடிப்படை. எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி போகலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

லேஅவுட் அப்ரூவல் கூடினால் விற்பனைக்கு வரும் மனைகள் கூடுகின்றன என்று அர்த்தம். பிளான் அப்ரூவல் கூடினால் வீடு கட்ட நினைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று அர்த்தம். முதலாவது சப்ளை, இரண்டாவது டிமாண்ட். சப்ளை கூடுவதைக் காட்டி "விலை ஏறப்போகுது" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

ஒரு மாதக் கணக்கு ஏன் ஏமாற்றும்?

நம்ம ஊரில் கட்டட வேலை இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. பஞ்சாங்கத்தையும் மழையையும் பார்த்து நடக்கிறது.

ஆடியில் கிரகப்பிரவேசம் செய்பவர்கள் குறைவு. மார்கழியிலும் அப்படித்தான். வருஷத்துக்கு எட்டு வாஸ்து நாள். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கு மாதங்களிலும் ஒன்றுகூடக் கிடையாது. ஆடிப்பெருக்கு, ஆவணி, தை முகூர்த்தம் வந்தால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. அதனால்தான் பதிவுத்துறையே இந்த மாதிரி நாட்களில் கூடுதல் டோக்கன் தருகிறது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் வழக்கமான 100 டோக்கனை 150 ஆக்குவார்கள்.

இடம் பதிவாவது தள்ளிப்போனால் பிளான் போடுவதும் தள்ளிப்போகும். பூமி பூஜை தள்ளிப்போனால் அப்ரூவலுக்கு அவசரம் இருக்காது. அதோடு சேலம், நாமக்கல் பக்கம் ஆவணி, புரட்டாசியிலேயே இடி மழை ஆரம்பித்துவிடும். ஐப்பசி வரை போகும். பச்சைச் செங்கல் காயாது, சூளை நிற்கும், அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் புரிவதற்காக மட்டும், கற்பனைதான்:

- போன டிசம்பர்: 80 அனுமதி
- இந்த பிப்ரவரி: 130 அனுமதி
- சென்ற வருஷம் பிப்ரவரி: 140 அனுமதி

"ரெண்டே மாசத்துல 62% ஏற்றம்!" என்று ஒருவர் போஸ்டர் போடலாம். கணக்கு தப்பில்லை. ஆனால் மார்கழியையும் தை, மாசியையும் ஒப்பிட்டால் எந்த வருஷமும் ஏற்றம்தான் தெரியும். பிப்ரவரியை பிப்ரவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 7% இறக்கம்!

ஆகவே முதல் விதி: மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், சென்ற வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இன்னும் நல்ல வழி, கடைசி 12 மாதக் கூட்டுத்தொகையை அதற்கு முந்தைய 12 மாதக் கூட்டுத்தொகையோடு வைத்துப் பார்ப்பது. ஆடி, மார்கழி, மழை எல்லாம் இரண்டு பக்கமும் இருப்பதால் கழிந்துவிடும்.

அளவுகோலே மாறினால்?

12 மாதக் கணக்கும் ஒரு இடத்தில் சறுக்கும். அது நம்ம பகுதியில் 2024-ல் நடந்தது.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி வீடு கட்டுபவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். அதிகாரி முன்கூட்டி வந்து இடம் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும்.

நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணிக்கைக்கு என்ன ஆகும்? முன்பு அலைச்சலுக்குப் பயந்து அனுமதி வாங்காமலே கட்டியவர்களும் இப்போது கணக்குக்குள் வருவார்கள். நிலுவையில் இருந்திருக்க வேண்டிய விண்ணப்பம் அதே மாதம் அனுமதியாகிவிடும். கட்டப்படும் வீடு அதே அளவு இருந்தாலும் அனுமதி எண்ணிக்கை கூடியதாகத் தெரியும்.

இரண்டாவது, நாமக்கல். அதே 2024-ல் நாமக்கல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளும் எல்லைக்குள் வந்தன. நேற்று வரை ஊராட்சிக் கணக்கில் இருந்த வீடு இன்று மாநகராட்சிக் கணக்கில். 2023 நாமக்கல் எண்ணையும் 2025 நாமக்கல் எண்ணையும் அப்படியே ஒப்பிடுவது, தனிக்குடித்தனத்தின் மளிகைச் செலவையும் கூட்டுக்குடும்பத்தின் மளிகைச் செலவையும் ஒப்பிடுவது மாதிரி.

சேலத்தில் இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலத்துக்கும் சேர்த்துத்தான் மாநகராட்சிக் கணக்கு. ஆனால் புது மனைகள் நிறைய எல்லைக்கு வெளியே, பேரூராட்சி, ஊராட்சிப் பகுதிகளில் இருக்கின்றன. அங்கே நடக்கும் வேலை மாநகராட்சி எண்ணில் வராது.

இரண்டாம் விதி: எண்ணிக்கை ஏறியிருந்தால் மூன்று கேள்வி. விதி மாறியதா? எல்லை மாறியதா? எத்தனை சதுர அடி? ஒரு பெரிய அபார்ட்மென்ட்டும் ஒரு அனுமதிதான், 800 சதுர அடி வீடும் ஒரு அனுமதிதான். சதுர அடி தெரியாமல் எண்ணிக்கை மட்டும் பாதிக் கதை.

அப்போ இந்தக் கணக்கால் பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்காவில் கட்டட அனுமதிக் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறார்கள், பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு. 2005 செப்டம்பரில் வீட்டு அனுமதிகள் ஆண்டுக்கு 22 லட்சத்துக்கும் மேல் என்ற வேகத்தில் இருந்தன. அதன்பிறகு இறங்க ஆரம்பித்தன. பொருளாதார மந்தம் தொடங்கியது 2007 டிசம்பரில். அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்பே அனுமதிக் கணக்கு சொல்லிவிட்டது. 2009 தொடக்கத்தில் அது சுமார் 5 லட்சத்துக்கு விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, எச்சரிக்கை தந்தது ஒரு மாதம் இல்லை. பல மாதம் தொடர்ந்த ஒரே திசை.

அனுமதி என்பது எண்ணம். வேலை நடக்கிறதா என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் ஏரியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். லேஅவுட்டில் மனை விற்று எத்தனை வருஷம் ஆகிறது? அதில் எத்தனை வீடு எழும்பியிருக்கிறது? போர் போட்டிருக்கிறார்களா, கரண்ட் கம்பம் வந்திருக்கிறதா? பக்கத்து ஹார்டுவேர் கடையில் சிமென்ட், கம்பி எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். மேஸ்திரி "ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆள் வரும்" என்கிறாரா, "நாளைக்கே வர்றேன்" என்கிறாரா? அந்தப் பதில் எந்த போஸ்டரையும் விட நேர்மையானது.

உங்க பர்ஸுக்கு இதில் என்ன?

ஊரில் அனுமதிகள் உண்மையாகவே கூடினால் கட்டுபவருக்கு நல்லதா? யோசியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மேஸ்திரி, கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள் எல்லோருக்கும் தட்டுப்பாடு. வேலை இழுக்கும். இழுத்தால் பணம்.

பேங்க் வீட்டுக் கடனை மொத்தமாகத் தராது. அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத் தரும். வீடு முடியும்வரை வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் கட்டும் வசதி உண்டு. அதுதான் பிரீ-இ.எம்.ஐ. அதில் ஒரு ரூபாய்கூட அசலில் குறையாது.

20 லட்சம் வாங்கிய நிலையில் வேலை ஆறு மாதம் நின்றது என்று வையுங்கள்:

- 8.5% வட்டி, மாதம் சுமார் 14,167 ரூபாய். ஆறு மாதம் 85,000
- இருக்கும் வீட்டுக்கு வாடகை 10,000. ஆறு மாதம் 60,000
- மொத்தம் 1,45,000 ரூபாய்

இதோடு இன்னொன்றை ஒப்பிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18% ஆனது. வரிக்கு முன் மூட்டை 300 ரூபாய் என்றால் 384-லிருந்து 354. மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். 1,000 சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 400 மூட்டை என்றால் 12,000 ரூபாய். "வரி குறைஞ்சிருச்சு, உடனே கட்டு" என்று ஓடிப்போய் மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டால், மிச்சமான 12,000 ஒரு மாத பிரீ-இ.எம்.ஐ.க்குக்கூடக் காணாது.

மூன்றாம் விதி: ஊர் வேகத்துக்கு இல்லை, உங்கள் கையிருப்பின் வேகத்துக்குக் கட்டுங்கள். ஆறு மாத வாடகையும் வட்டியும் தனியாக எடுத்துவைத்த பிறகு கடப்பாரை எடுங்கள். தை, மாசியில் ஆரம்பித்தால் மழைக்கு முன் ரூஃப் போட வாய்ப்பு அதிகம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. லேஅவுட் அனுமதி எண். டி.டி.சி.பி. ஒப்புதல் வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா? பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக விற்கிறார்களா?
2. ரெரா பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்வதே தவறு.
3. அங்கீகாரமில்லாத மனையா? 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "பண்ணிக்கலாம்" என்ற பதில் போதாது.
4. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம். பிளான் அப்ரூவல் கிடைத்தால் இடம் உங்களுடையது என்று நிரூபணம் ஆகிவிடாது. சுயசான்று என்றால் சொல்வதற்குப் பொறுப்பு நீங்கள்தான். தகவல் தப்பென்றால் அனுமதியே போகலாம்.
5. பதிவுச் செலவு. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 15 லட்சம் மனைக்கு 1,35,000 ரூபாய். பொதுவாக இதற்கு பேங்க் கடன் தராது, கையிலிருந்துதான் போகும்.
6. அப்ரூவல் ஆன பிளானையே கட்டுங்கள். நடுவில் ஒரு ரூம் சேர்த்தால் பேங்க் இன்ஜினியர் அடுத்த தவணையை நிறுத்த முடியும்.

அடுத்த முறை "அப்ரூவல் ஏறியிருக்கு" என்று மெசேஜ் வந்தால், "எந்த மாசத்தோட ஒப்பிட்டீங்க?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை அட்வான்ஸ் பணம் உங்கள் அக்கவுண்ட்டிலேயே இருக்கட்டும்.