பொறியாளர் சட்டம் படிக்கப் போனால்

அமெரிக்காவில் வக்கீலாக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஜே.டி. என்ற மூன்றாண்டுப் படிப்பில்தான் சேர்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு பட்டம் வேண்டும். அது பொறியியலாக இருந்தாலும் தடையில்லை. கோயம்புத்தூரில் பி.இ. முடித்து, நியூ ஜெர்சியில் மென்பொருள் சோதனை வேலை பார்த்துவந்த ஒரு பெண் அப்படித்தான் விண்ணப்பித்தார்.

நம்மூர் மதிப்பெண் அங்கே என்ன ஆகிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பாடம். சட்டக் கல்லூரிகளின் சார்பில் ஆவணங்களைத் திரட்டி அனுப்பும் எல்சாக் அமைப்பு, அங்கே படித்தவர்களுக்கு ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரியைக் கணக்கிட்டுத் தரும். இந்தியப் பட்டத்துக்கு அந்த எண் கிடையாது. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற நான்கில் ஒன்றுதான் கிடைக்கும். எட்டு செமஸ்டர் உழைப்பும் அதற்குள் அடங்கிவிடும். மதிப்பெண் சான்றும் விண்ணப்பிப்பவர் கையால் போகக் கூடாது, பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஜி.பி.ஏ. இல்லாததால் எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் பாரம் கூடுகிறது. 120 முதல் 180 வரை மதிப்பெண். யார் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது போன்ற புதிர்கள் 2024 ஆகஸ்ட் முதல் நீக்கப்பட்டுவிட்டன. கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது நட்டம்தான். இப்போது வாதங்களை அலசுவதும், பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வதும்தான் தேர்வு. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய வழிகாட்டியை வாங்குமுன் பதிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுயவிவரக் கட்டுரை. பல கல்லூரிகள் இரண்டு பக்கம்தான் அனுமதிக்கின்றன. அவருடைய முதல் வரைவு முழுக்க, தாத்தாவின் நில வழக்கு ஊர்க் கோர்ட்டில் இழுத்தடிக்கப்பட்ட கதை. படித்துப் பார்த்த அலுவலக நண்பர் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல உங்க தாத்தாதான் இருக்கார், நீங்க எங்க?"

அவர் இருந்த இடம் வேறு. வாடிக்கையாளர் கொடுத்த ஆவணத்தில் 'நியாயமான நேரத்துக்குள் பதில் வர வேண்டும்' என்று ஒரு வரி. புரோகிராமர்களுக்கு ஐந்து விநாடி நியாயம், வாடிக்கையாளருக்கு ஒரு விநாடியே அதிகம். யார் பணம் போட்டுத் திருத்துவது என்ற சண்டையில், ஆவணத்தின் மற்ற பக்கங்களைக் காட்டி அந்த வரிக்கு ஓர் அர்த்தத்தை நிலைநாட்டியவர் இவர். வக்கீல் தொழிலில் பாதி இதுதானே! கட்டுரை அந்தக் கூட்டத்தைப் பற்றியதாக மாறியது. காந்தியும் அம்பேத்கரும் அதில் எட்டிப்பார்க்கவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கும் அதே அளவுகோல். பெரிய பதவியில் இருப்பவர் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதைவிட, தினமும் கூட வேலை பார்க்கும் மேலாளர் இரண்டு சம்பவங்களைச் சொல்வது மேல். தான் எழுதிய பழைய சோதனை அறிக்கைகளை மேலாளருக்கு அவர் அனுப்பிவைத்தார். கடிதம் எழுதுபவருக்கும் ஞாபகம் வேண்டுமல்லவா?

விண்ணப்பத்தில் வரும் நடத்தை பற்றிய கேள்விகளில் மட்டும் சாமர்த்தியம் காட்டக் கூடாது. கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை, கைது, சில இடங்களில் வேகமாக ஓட்டி வாங்கிய அபராதச் சீட்டுகூட, கேட்டால் சொல்லியாக வேண்டும். பின்னாளில் வக்கீலாகப் பதியும்போது இந்த விண்ணப்பத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பழைய அபராதத்தைவிட அதை மறைத்ததே பெரிய வம்பாகிவிடும்.

பெரும்பாலான கல்லூரிகள் இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கி, அவை வர வர முடிவெடுப்பவை. கடைசித் தேதி வரை காத்திருந்தால் இடமும் உதவித்தொகையும் குறைந்துவிடலாம்.

உதவித்தொகை என்றதும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். முதலாண்டில் குறிப்பிட்ட ஜி.பி.ஏ. எடுத்தால்தான் தொடரும் என்று சில கல்லூரிகள் நிபந்தனை போடுகின்றன. அங்கே பல இடங்களில் வகுப்பின் சராசரி முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. எல்லோரும் நன்றாக எழுதினாலும் எல்லோருக்கும் 'ஏ' விழாது. இப்படி உதவித்தொகை குறைந்தவர்கள், இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் அமெரிக்க பார் அசோசியேஷன் விதி 509-ன்படி ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். தனக்கு வந்த அழைப்புகளை அவர் அந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தார். அதிகத் தொகை தந்த கல்லூரிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டு, தொகை குறைவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருந்த இடத்தில் முன்பணம் கட்டினார்.