சமதரைதானே, மிதிச்சால் போகுது!

மட்டக்களப்பிலிருந்து கிரான் பக்கம் போய் ஓர் இரவு தங்கி வரலாம் என்று ஒரு சைக்கிள் கூட்டம் கிளம்பினால், காற்றடிக்கும் பம் கிடைக்கும் முன்பே ஆலோசனை கிடைத்துவிடும். சொல்பவர்களில் பாதிப்பேர் அந்த வழியே மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

"எல்லாம் சமதரைதானே, ஆரும் மிதிக்கலாம்."

தரை சமம் என்பது உண்மை. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி என்று ஏ-15 வீதியில் கிரான் வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றமில்லாத ஊரில் இறக்கமும் இல்லை. மலைநாட்டில் இறக்கம் வந்தால் கால் ஆறும். இங்கே மிதியை விட்ட கொஞ்ச நேரத்தில் வண்டி நின்றுவிடும். போதாததற்குக் கச்சான். கோடையில் வட்டைகளைக் காய வைக்கும் இந்தக் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது. கிரானில் மேற்கே திரும்பிப் புலிபாய்ந்தகல் பக்கம் போனால் அது நேரே முகத்தில்தான் அடிக்கும். காற்றுக்கு எதிரான வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பௌதிகம். ஆகவே எதிர்க்காற்றில் வீரம் காட்டுவது வீண். பலமுள்ளவர் முன்னால், மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் அடிக்கடி மாற வேண்டும். விடியற்காலையில் காற்றை எதிர்த்துப் போய், வெயில் ஏறும்போது அது முதுகில் தள்ளத் திரும்பி வருவதே புத்தி.

"ஆறுதலாகப் போகிற பயணத்துக்குத் திட்டம் எதற்கு?"

எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். அவசரமாகப் போகிறவனுக்கு நேரம் மிஞ்சும். ஆறுதலாகப் போகிறவன்தான் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து, இரவு தங்கக்கூடிய பாசிக்குடா வரை ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மணிக்கு 12 கிலோமீற்றர் என்றால் மூன்று மணித்தியாலம். தனி ஒருவருக்கு இந்தக் கணக்கு சரி. பத்துப் பேருக்கு? ஒருவரின் டியூபில் முள், இன்னொருவருக்குத் தேத்தண்ணி, எல்லோருக்கும் படம். கிரான் பாலத்தடியில் ஒரு மணித்தியாலம் தெரியாமலே போகும், போகவும் வேண்டும்; அதற்குத்தானே வந்தது. உலகெங்கும் நடக்கும் ஒடாக்ஸ் நெடுந்தூர ஓட்டங்களில்கூட 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் கொடுக்கிறார்கள். நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர்கூட வராது. அவர்களே அப்படியென்றால், நாம் ஒரு நாளுக்கு நாற்பதுக்கு மேல் வைக்கத் தேவையில்லை. கூட்டத்தின் வேகம் மிக மெதுவாக மிதிப்பவரின் வேகம். கடைசியாக வருகிறவரிடம் பம்மும் டியூப் ஒட்டும் சாமானும் இருக்கட்டும். முன்னால் பறந்தவரிடம் இருந்தால் யாருக்கும் உதவாது.

"குளத்துக் கட்டில் கூடாரம் அடிச்சால் எவ்வளவு வடிவு!"

வடிவுதான், யானைக்கும் அப்படித்தான் தெரியும். அந்தியில் தண்ணீருக்கு வருவதும், இரவில் வயலுக்கு இறங்குவதும் அதன் வழக்கம். கிரானுக்கு மேற்கே, குடும்பிமலை வரை பரந்த பகுதியில் யானையால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வேளாண்மைக்காரர் பரண் கட்டிக் காவல் இருப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. குளங்களிலும் வாவியிலும் முதலை வேறு உண்டு. மேற்குப் பக்கத்தைப் பகலில் பார்த்துவிட்டு, மாலை நாலரைக்குள் பிரதான வீதிக்கு வந்து, இரவுக்குக் கல்குடா, பாசிக்குடா விடுதிகளுக்குப் போய்விடலாம். ஊருக்குள்தான் தங்க வேண்டும் என்றால், கிராம சேவகரிடம் முன்கூட்டியே சொல்லி, கோயில் மடமோ பொதுக் கட்டடமோ கேட்கலாம். வழியில் யானை நின்றால் பெல் அடிக்காமல் திரும்புங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992, அம்புலன்ஸ் 1990.

கண்ணிவெடிப் பயம் இன்னும் சிலருக்கு உண்டு. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கியதாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பற்றைக்குள் துருப்பிடித்து எது கிடந்தாலும் கை வைக்க வேண்டாம்.

"டிசம்பர் லீவுதான் வசதி."

பிள்ளைகளுக்கு வசதி, வீதிக்கு அல்ல. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும் காலம் அது. மாரி வெள்ளத்தில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, ஊரவர்களே வள்ளத்தில் கடக்கும் நாட்கள் உண்டு. 1978இல் இந்தக் கரையை அழித்த சூறாவளியும் நவம்பரில்தான் வந்தது. மாசி, பங்குனி நல்லது. பெரும்போக அறுவடை நடக்கும், வெயில் இன்னும் கொடுமையாகாது. ஒன்று, வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றிப் போய்விட்டு அதே ஊரில் தண்ணீர் கேட்கக் கூடாது.

கியர் சைக்கிள் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு: தேவையில்லை. கரியரில் நெல் மூட்டை கட்டி சாதாரண லுமாலா சைக்கிளில் போகிறவரை இந்த வீதியிலேயே காணலாம். இருக்கையின் உயரம் சரியாக இருப்பதும், கிறவல் வீதிக்கு அகலமான டயர் இருப்பதும் அதைவிட முக்கியம். பையை முதுகில் போடாமல் கரியரில் கட்டுங்கள். மெத்தென்ற இருக்கை சுகம் என்று நம்பி வாங்குகிறார்கள். அது அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைச் சதைமேல் போடும், இரண்டாம் நாள் இருக்கவே முடியாது.

சாப்பாட்டுக் கடைகளுக்கு என்ன குறை என்பார்கள். கடை இருக்கும், பத்துப் பேருக்குக் காலை ஏழு மணிக்குப் பிட்டு இருக்காது. முதல் நாள் பின்னேரமே கடைக்காரருக்குச் சொல்லி, முற்பணமும் கொடுத்துவிடுங்கள்.