வகுப்பறை வாக்கெடுப்புக்கு எத்தனை போன் வேண்டும்?

ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பிள்ளைகள் போனில் விடையைத் தொடுகிறார்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது சில நொடிகளில் திரையில் தெரிகிறது. மென்டிமீட்டர், கஹூட் போன்ற செயலிகளில் இதைப் பார்த்த ஆசிரியருக்கு, பதுளையிலும் பசறையிலும் இப்படிப் படிப்பிக்க வேண்டுமென்ற ஆசை வருவது நியாயம். அந்த ஆசையோடு சில தவறான நம்பிக்கைகளும் சேர்ந்தே வருகின்றன.

நம்பிக்கை: கொரோனாவுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இருக்கிறது.

உண்மை: போன் இருந்தாலும் சிக்னல் வேண்டுமே. 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, லுணுகலையில் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய 30 அடி உயரக் குடிலில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்தார்கள். பெரியவர்கள் துணைக்குப் போனார்கள். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் ஒரு போன் இருந்தால், பகலில் அது வேலைக்குப் போகிறவர் கையோடு போய்விடும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் காட்டும் கணினி அறிவுக் கணக்கிலும் தோட்டம்தான் கடைசி. அரசுப் பாடசாலைக்குள் மாணவர் போன் கொண்டுவர அனுமதியும் இல்லை. இதையெல்லாம் மறந்து “நாளைக்கு போன் கொண்டு வாங்க” என்று சொன்னால், இல்லாத பிள்ளை அன்று பாடசாலைக்கே வராது.

நம்பிக்கை: போன் இல்லாமல் வாக்கெடுப்பு இல்லை.

உண்மை: எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வாக்கெடுத்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தபோது வகுப்பில் ஸ்மார்ட்போனே கிடையாது. கேள்வியைக் கொடுத்து, தனித்தனியாக யோசிக்கவிட்டு, விடையைக் கேட்பார். சரியும் பிழையும் கலந்து வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி, மீண்டும் கேட்பார். கனடாவில் நத்தானியல் லாஸ்ரி ஒரு வகுப்புக்கு மின்னணுப் பொத்தான் கருவியும் இன்னொரு வகுப்புக்கு வெறும் அட்டையும் கொடுத்து ஒப்பிட்டார். 2008இல் வெளியான அவருடைய முடிவு: இரு வகுப்பின் கற்றலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தோட்டப் பாடசாலை ஒன்றில் இதை எப்படிச் செய்யலாம்? குளிர்கால விடியலில் லயத்துத் தகரக் கூரையின் உட்பக்கம் தண்ணீர் சொட்டுகிறது. எங்கிருந்து வந்தது? ஒன்று, வெளியே விழுந்த பனி ஓட்டை வழியே இறங்கியது. இரண்டு, வீட்டுக்குள் இருந்த நீராவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகியது. மூன்று, தகரமே வியர்த்தது. “எங்க வீட்டுத் தகரத்துல ஓட்டையே இல்லியே, பிறகு எப்படிச் சொட்டுது?” என்று ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கேட்கும் இடத்தில்தான் பாடம் நடக்கிறது. முதல் வாக்குக்கும் இரண்டாம் வாக்குக்கும் நடுவிலுள்ள அந்த வாதாடும் நேரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது.

வாக்குகளை எண்ணுவதற்கு ஆசிரியரின் ஒரு போன் போதும். பிலிக்கர்ஸ் என்ற செயலிக்குரிய அட்டைகளைச் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிடலாம். பிள்ளை தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் போன் கமராவால் வகுப்பை ஒருமுறை வருடினால் கணக்கு வந்துவிடும். விடை எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. கை உயர்த்தக் கூச்சப்படும் பின்வாங்குப் பிள்ளையின் விடையும் ஆசிரியருக்குக் கிடைக்கிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் போடாதீர்கள். வெளிச்சம் பட்டால் கமரா தடுமாறும்.

நம்பிக்கை: போட்டி வைத்தால்தான் உற்சாகம் வரும்.

உண்மை: கஹூட்டின் வழக்கமான ஆட்டத்தில் வேகமாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி. சிக்னல் குறைந்த மலையில் அது அறிவை அளக்காது, கவரேஜைத்தான் அளக்கும்.

நம்பிக்கை: போன் வந்தாலே பாடம் கெடும்.

உண்மை: கவனம் சிதறும் என்ற அச்சம் நியாயமானது, யுனெஸ்கோவின் 2023 அறிக்கையும் அதை எச்சரிக்கிறது. ஆனால் பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் மாணவர் கையில் போன் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே வாக்களித்ததும் கவிழ்த்து வைக்கச் சொல்லிப் பயன்படுத்தலாம்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டப் பாடசாலைக்கு டேப்லட் அனுப்ப யோசிக்கும் முன், வகுப்புக்கு ஒரு கட்டு அட்டையும் ஆசிரியருக்கு மாத டேட்டாவும் கொடுத்துப் பாருங்கள்.