அழைத்தவரே அடையாளம் காட்டுக

தோட்டங்களில் அதிகாலையில் நடைபெறும் பெரட்டை நாம் அனைவரும் அறிவோம். கிராணியார் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அழைப்பார்; உரியவர் குரல் கொடுப்பார். இங்கே சோதிக்கப்படுபவர் தொழிலாளி மட்டுமே. 'நீங்கள்தாம் கிராணியா?' என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பெரட்டுக் களம் எது என்பதை நாம் அறிவோம். அங்கு நாமே நடந்து செல்கின்றோம்.

இவ்வாறு ஒரு தரப்பினர் மட்டும் தம்மை யாரென்று மெய்ப்பிக்கும் முறையை ஒருவழி அடையாளச் சோதனை எனலாம். இம்முறை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதனைக் கணினித் துறையினர் தொலைபேசிக் கம்பியின் வாயிலாகத் தெளிவாகக் கற்றனர். அப்பாடம் நமது சேமிப்பைக் காக்கவும் உதவும்.

கம்பியின் இரு முனைகள்

இன்று இணையம் கண்ணாடி இழை வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வருகின்றது. 1990ஆம் ஆண்டுகளிலோ அது பெரும்பாலும் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. மிமோஸ் அமைப்பின் ஜாரிங் சேவையும், 1996இல் தொடங்கிய டிஎம்நெட் சேவையும் நம் நாட்டில் அவ்வாறே மக்களைச் சென்றடைந்தன.

அக்காலத்தில் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் தெங்காவில் ஒரு சிறிய அலுவலகம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள கணினிகளின் செய்திகளை உரிய இடத்திற்கு அனுப்பும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். அது மோடத்தின் உதவியால், ஜார்ஜ்டவுனில் உள்ள சேவை நிறுவனத்தின் ரவுட்டரைத் தொலைபேசியில் அழைக்கும். எண்ணை அறிந்த எவரும் அந்நிறுவனத்தை அழைக்கக்கூடும். ஆதலால், அழைப்பை ஏற்கும் ரவுட்டர் முதலில் 'நீ யார்?' என்று கேட்டாக வேண்டும்.

இதற்கு இரு முறைகள் இருந்தன. பாப் எனப்படும் முறையில் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் கம்பியில் செல்லும். இடையில் ஒட்டுக் கேட்பவர் அவற்றைத் திருடிவிடலாம். சாப் எனப்படும் முறை இதனினும் பாதுகாப்பானது. அதன் விதிகள் 1996 ஆகஸ்டு மாதம் வெளியான ஓர் இணைய ஆவணத்தில் விளக்கப்பட்டுள்ளன. அது மூன்று படிகளில் நடைபெறும்.

முதலாவதாக, அழைப்பை ஏற்றவர் ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணைக் கேள்வியாக அனுப்புவார். இரண்டாவதாக, அழைத்தவர் அவ்வெண்ணையும் தமது கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் அனுப்புவார். மூன்றாவதாக, ஏற்றவர் அதே கணக்கைத் தாமும் செய்து ஒப்பிடுவார். விடை பொருந்தினால் இணைப்பு நிலைக்கும், பொருந்தாவிடில் அறுபடும். இதில் கடவுச்சொல் ஒருபோதும் கம்பியில் செல்வதில்லை என்பதனை நாம் கவனிக்க வேண்டும்.

ஒருவழி ஏன்?

இரு ரவுட்டர்களும் ஒன்றையொன்று சோதித்தால் மேலும் நன்றல்லவா என்ற ஐயம் எழலாம். உண்மையே. ஆயினும், சேவை நிறுவனங்கள் பொதுவாகத் தம்மை மெய்ப்பிக்க அந்தந்தச் சந்தாதாரருக்கென ஒரு கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. சந்தாதாரரின் ரவுட்டர் பிடிவாதமாகக் கேட்டால், தக்க விடை கிடைக்காமல் இணைப்பே அறுந்துவிடும்.

ஆகவே, சிஸ்கோ நிறுவன ரவுட்டர்களில் சோதனைக்கான கட்டளையோடு 'கால்இன்' என்னும் ஒரு சொல்லைச் சேர்ப்பதுண்டு. 'நான் அழைக்கும்போது எதிர்முனையைச் சோதிக்க வேண்டா. எவரேனும் என்னை அழைத்தால் அவரைக் கட்டாயம் சோதிப்பேன்' என்பதே அதன் பொருள். அழைக்கும் எண்ணை நாமே தேர்ந்தெடுத்ததால் முதற்பகுதி பொருந்துகின்றது. வந்தவர் யாரென்று நமக்குத் தெரியாததால் இரண்டாம் பகுதி தேவைப்படுகின்றது.

மேலும் ஒரு பாதுகாப்பும் உண்டு. அழைப்பை ஏற்ற ரவுட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தன்னிடம் முன்பே பதிந்துள்ள எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும். வேறிடத்திலிருந்து பொய்ப்பெயரில் அழைத்தவர் இதனால் ஏமாற்றமடைவார்.

நம் கைப்பேசியில்

'மக்காவ் மோசடி' என்று நம் நாட்டில் பேசப்படும் ஏமாற்று வேலை இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகின்றது. அழைப்பவர் தம்மைக் காவல்துறை அதிகாரி என்றோ வங்கி அலுவலர் என்றோ கூறுகின்றார். 'உங்கள் பெயரில் வழக்கு உள்ளது' என்று அச்சுறுத்துகின்றார். பின்னர் நமது அடையாளக் கார்டு எண்ணையும் வங்கி விவரங்களையும் கேட்கின்றார். அழைத்தவர் எதையும் மெய்ப்பிக்கவில்லை. அழைப்பை ஏற்ற நாமே நம்மை மெய்ப்பிக்கின்றோம்! பல்லாண்டுகள் பால் வெட்டிச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணம் இவ்வாறு சில நிமிடங்களில் பறிபோகக்கூடும். திரையில் தோன்றும் எண்ணும் சான்றாகாது. அதனைப் போலியாகக் காட்ட முடியும்.

எனவே, பின்வருவனவற்றை நாம் வழக்கமாகக் கொள்வோம்.

1. வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே அழைக்கும்போது, வங்கியினர் நம் விவரம் கேட்பது முறையே. அவர்கள் அழைத்ததாகச் சொல்லும்போது விவரம் தர வேண்டா.

2. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, நாமறிந்த எண்ணுக்கு நாமே திரும்ப அழைப்போம். அழைத்தவர் கொடுக்கும் எண்ணுக்கு அன்று.

3. கடவுச்சொல்லையும், குறுஞ்செய்தியாக வரும் டிஏசி எண்ணையும் எவரிடமும் சொல்லலாகாது. அந்த எண்களைத் திருடர்கள் எளிதில் பறித்ததால், குறுஞ்செய்தி முறையிலிருந்து விலகிப் பாதுகாப்பான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளை 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா கேட்டுக்கொண்டது.

4. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால், பணம் கைமாறும் முன் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

வீட்டில் தனித்திருக்கும் முதியோரிடமும், புதிதாகக் கைப்பேசி வாங்கிய பிள்ளைகளிடமும் இவற்றை எடுத்துரைப்பது நம் கடமை. உயிரற்ற கருவியே முன்பின் தெரியாத அழைப்பை 'நீ யார்?' என்று கேட்ட பின்னரே உள்ளே விடுகின்றது. அக்கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது நமது உரிமை.