பயிற்சியும் பணியும்

திரையில் ஓர் எலி துள்ளி ஓடுகிறது, நாம் சிரிக்கிறோம். நொடிப் பொழுதில் முடிந்துவிடும் அத்துள்ளலுக்கு எத்தனை படங்கள் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். ஒரே படத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்துக்கொண்டாலும் ஒரு நொடிக்கு 12 படங்கள் தேவைப்படும். கையால் வரைந்த கார்ட்டூன் படங்களின் காலத்தில் இவற்றையெல்லாம் ஒருவரே வரைந்துவிடவில்லை. கைதேர்ந்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். எலி காலைத் தூக்கிய நிலை ஒன்று, நிலத்தில் ஊன்றிய நிலை ஒன்று. இவ்விரண்டிற்கும் நடுவே வரவேண்டிய படங்களை வரைந்து நிரப்புவோர் வேறொருவர். அவரை இடைப்பட ஓவியர் எனலாம். தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞருக்கு முதலில் கிடைத்த இடம் பெரும்பாலும் அதுவே.

அவ்விடத்தில் அமர்ந்தவர் மாணவரா, தொழிலாளரா? மாணவர் எனின், அவருக்குக் கற்பிக்கப்பட்டது யாது? தொழிலாளர் எனின், அவருக்குரிய கூலி யாது? பெரிய கேளிக்கை நிறுவனங்களுக்குப் பயிற்சி மாணவராகச் செல்வோரைப் பற்றி இன்றும் எழும் வினா இது. அமெரிக்க நாட்டின் வால்ட் டிஸ்னி நிறுவனம் இவ்வினாவிற்கு ஒரு காலத்தில் ஒரு விடையும், மற்றொரு காலத்தில் வேறொரு விடையும் தந்திருக்கிறது. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பிறந்தவர். கல்லூரியில் பயின்றவர் அல்லர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கான்சஸ் நகரத்தில் விளம்பரப் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது, நூலகத்திலிருந்து எடுத்து வந்த நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு படங்களை இயங்கச் செய்யும் முறையைக் கற்றார். இவ்வாறு தட்டுத் தடுமாறிக் கற்றவர் என்பதாலோ என்னவோ, தம்மிடம் வந்தவர்கள் முறையாகக் கற்க வேண்டும் என்பதில் அவருக்குத் தீராத விருப்பம் இருந்தது. 1929-ஆம் ஆண்டில், அவர் பெருஞ்செல்வர் ஆகாத நாளிலேயே, தம் ஓவியர்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்த சூனார்டு ஓவியப் பள்ளியின் மாலை வகுப்பிற்கு அனுப்பினார். அனுப்பினார் என்பது போதாது. தம் காரிலேயே அவர்களை ஏற்றிச் சென்று இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தம் வேலையைப் பார்ப்பார். வகுப்பு முடியும் நேரத்தில் மீண்டும் சென்று அழைத்து வருவார். முதலாளி ஒருவர் தம் பணியாளருக்கு இவ்வாறு காரோட்டியாக இருந்த செய்தி மறக்கத்தக்கது அன்று.

சில ஆண்டுகளில் வகுப்பே ஸ்டூடியோவைத் தேடி வந்தது. ஆர்ட் பாபிட் என்னும் ஓவியர் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டி, மாதிரி உருவம் ஒன்றை நிறுத்தி, வரைந்து பழகிக்கொண்டிருந்தார். செய்தியறிந்த டிஸ்னி, அவ்வகுப்பை ஸ்டூடியோவிற்கே மாற்றினார். 1932-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சூனார்டு பள்ளி ஆசிரியர் டான் கிரஹாம் அங்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். எலியும் வாத்தும் வரைந்து பழகிய கைகள் மனித உடலின் எலும்பையும் தசையையும் வரையக் கற்றன. ஓடும் மனிதனைப் படம்பிடித்து, அப்படத்தை ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பார்த்து, உடலின் எடை எந்தக் காலில் எப்போது விழுகிறது என்று ஆராய்ந்தனர். விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று வரைந்தனர். பிற்காலத்தில் 'பாம்பி' என்னும் படத்திற்காக மான்குட்டிகள் இரண்டினை ஸ்டூடியோவிற்கே கொண்டுவந்து வளர்த்தனர். 1935-ஆம் ஆண்டின் இறுதியில் டிஸ்னி கிரஹாமிற்கு எழுதிய நீண்ட குறிப்பொன்றில், இளம் ஓவியர்களுக்கு எவையெவை கற்பிக்கப்பட வேண்டும் என்பதை விரிவாக வகுத்துக் கூறினார்.

இஃது ஈகை மட்டும் அன்று. 'ஸ்னோ ஒயிட்' என்னும் முழுநீளக் கார்ட்டூன் படத்தை எடுக்க அவர் உறுதி கொண்டிருந்தார். மனித உருவத்தை நம்பத்தக்கவாறு இயங்கச் செய்வோர் வேண்டும். அத்தகையோர் அக்காலத்தில் வெளியில் எளிதில் கிடைக்கவில்லை. ஆதலின் உள்ளேயே உருவாக்க வேண்டியதாயிற்று. 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்படம் வெளிவந்தது. கற்பித்தவருக்கும் பயன் விளைந்தது. கற்றவருக்கும் பயன் விளைந்தது. என் கருத்தில், நிறுவனம் ஒன்று தந்த பயிற்சிகளுள் இதனைச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

எனினும் அக்கூடத்தின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. வரைந்த படங்களைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மை கொண்டு படியெடுத்து வண்ணம் தீட்டும் வேலையே பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1938-ஆம் ஆண்டில் பயிற்சி வேண்டி விண்ணப்பித்த பெண் ஒருவருக்கு, படைப்புத் தொழிலை ஆண்களே செய்வதால் பெண்களுக்கு அப்பயிற்சி இல்லை என்று நிறுவனம் மறுமொழி விடுத்தது. வேட்டை நாய்கள் துரத்தி வரும் காட்சியை வரைந்த ரெட்டா ஸ்காட் என்னும் பெண்மணியின் பெயர், ஓவியர் வரிசையில் 'பாம்பி' படத்தில் இடம்பெற்றது 1942-ஆம் ஆண்டில்தான்.

கூலியிலும் குறை இருந்தது. முன்னணி ஓவியர் பெற்ற ஊதியத்திற்கும் இடைப்பட ஓவியரும் உதவியாளரும் பெற்ற ஊதியத்திற்கும் இடையே மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு. பலருடைய பெயர் திரையிலேயே வரவில்லை. 1941-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் வேலைநிறுத்தம் மூண்டது. அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர் யார் தெரியுமா? தம் வீட்டில் வகுப்பு நடத்திய அதே ஆர்ட் பாபிட். அவர் மிகுந்த ஊதியம் பெற்றவர். தமக்காகப் போராட வேண்டிய நிலையில் இருந்தவர் அல்லர். அவரை நிறுவனம் பணியிலிருந்து நீக்கியதே போராட்டத்தை மூட்டிய பொறியாயிற்று. முடிவில் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. கல்வி தந்தோம் என்பது கூலியைக் குறைப்பதற்குக் காரணம் ஆகாது என்பதை அந்த இளைஞர்கள் உணர்ந்திருந்தனர்.

முதுபெரும் ஓவியர்கள் ஓய்வுபெறத் தொடங்கிய 1970-களில் நிறுவனத்திற்கு மீண்டும் ஆள் தேவைப்பட்டது. எரிக் லார்சன் என்னும் மூத்த ஓவியர் புதியவர்களைத் தம் பக்கத்தில் அமர்த்திக் கற்பித்தார். க்ளென் கீன், ரான் கிளமென்ட்ஸ், ஜான் மஸ்கர் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். 1989-இல் வெளிவந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தை இயக்கியோர் பின்னவர் இருவர். அதன் கதைத்தலைவியை வரைந்தவர்களுள் முதன்மையானவர் கீன்.

இவையெல்லாம் ஓவியக் கூடத்தின் கதை. நிறுவனத்தின் மற்றொரு முகம் கேளிக்கைப் பூங்கா. புளோரிடா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட பூங்காவிற்கு, 1980-களின் தொடக்கம் முதல் கல்லூரி மாணவர்கள் சில மாதப் பயிற்சிக்கு வரலாயினர். அவர்கள் செய்யும் வேலை என்ன? ராட்டினம் போன்ற ஊர்திகளை இயக்குவர், உணவு பரிமாறுவர், பொம்மை விற்பர், குப்பை கூட்டுவர். அங்குப் பணியாளர் என்ற சொல் இல்லை. எல்லோரும் நடிகர் குழுவினர். வருவோர் விருந்தினர். சீருடைக்கு வேடம் என்று பெயர். வழி கேட்டால் ஒரு விரலால் சுட்டுதல் கூடாது. இரு விரல்களாலோ விரித்த கையாலோ காட்ட வேண்டும். முன்பு கலிபோர்னியாப் பூங்காவில், மாட்டுக்காரன் வேடம் பூண்ட ஒருவர் எதிர்கால உலகைக் காட்டும் பகுதியின் வழியே நடந்து சென்றது டிஸ்னிக்குப் பிடிக்கவில்லையாம். ஆதலின் புளோரிடாவில் நடைபாதைக்குக் கீழே தனி வழிகளை அமைத்தனர். அவ்வழியே சென்று அவரவர் தத்தம் பகுதியில் தோன்றுவர்.

இம்மாணவர்கள் மணிக்கணக்கில் கூலி பெறுகின்றனர். தங்கும் விடுதிக்குரிய வாடகை அக்கூலியிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படுகிறது. துடைப்பம் பிடிப்பதில் என்ன கல்வி இருக்கிறது என்று குறை கூறுவோர் உளர்; குறைந்த கூலிக்கு ஆள் சேர்க்கும் வழி இது என்பர் அவர்கள். ஆயிரக்கணக்கான மக்களை முகம் சுளிக்காமல் நடத்தப் பழகுவதும் கல்வியே என்பர் மற்றவர். இரண்டிலும் உண்மை உண்டு. எந்தத் தொழிலும் இழிந்தது அன்று. ஆயினும் அருகில் நின்று திருத்திக் கற்பிப்பவர் இல்லாத இடத்தில், மாணவர் என்ற பெயர் வெறும் பெயராய் முடியும். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளை நோய் பரவியபோது பயிற்சி நிறுத்தப்பட்டது. விடுதியைச் சில நாட்களுக்குள் காலி செய்யுமாறு மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. வேலை தந்தவரே வீடும் தந்தவராக இருந்தமையால், இரண்டும் ஒரே நாளில் போயின. அடுத்த ஆண்டில் பயிற்சி மீண்டும் தொடங்கியது.

கூலியே பெறாத பயிற்சி மாணவரின் நிலை இன்னும் சிக்கலானது. ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் வெளியிட்ட 'பிளாக் ஸ்வான்' படத்திற்காக ஊதியமின்றி உழைத்த இளைஞர் இருவர் 2011-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். மதிய உணவு வாங்கி வருதல், தொலைபேசிக்கு விடையளித்தல், குப்பையை அகற்றுதல் போன்றவை அங்கு நிகழ்ந்த பயிற்சி. 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் அவர்களைப் பணியாளர் என்றே கொண்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி, வேறோர் அளவுகோலை வகுத்தது. இவ்வுறவினால் மிகுந்த பயன் பெறுவோர் யார், மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. கல்லூரிப் படிப்போடு அப்பயிற்சிக்குத் தொடர்பு உண்டா, கற்பதற்கு வேண்டிய காலத்தோடு அது முடிகிறதா, கூலி பெறும் பணியாளர் ஒருவரின் இடத்தை மாணவர் பிடித்துக்கொள்கிறாரா என்பன போன்ற வினாக்களை எழுப்பி விடை காணுமாறு பணித்தது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் அவ்வளவுகோலையே மேற்கொண்டது.

வழக்குத் தொடுத்தவர்களும் நிறுவனமும் 2016-ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டனர். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தப் படநிறுவனமே டிஸ்னியின் கைக்கு வந்து சேர்ந்தது.