வைத்திய இன்ஷூரன்ஸ்: முதலாளிக்கும் சிப்பந்திக்கும்



நெருப்புக்குப் பயந்து கடையை இன்ஷூர் செய்கிறோம். சரக்கு ஏற்றும் வேனை இன்ஷூர் செய்யாமல் சாலையில் விட முடியாது. ஆனால் கல்லாவில் உட்காருகிறவரின் உடம்பையும் அடுப்படியில் நிற்கும் சிப்பந்தியின் உடம்பையும் பற்றிப் பேச்செடுத்தால், "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம்மவர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரவில் கடைக்குப் பூட்டுப் போடும்போது மட்டும் இந்த வார்த்தை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை!

இதன் தத்துவம் மிகச் சுலபமானது. நூறு கடைக்காரர்கள் ஆளுக்கு 500 வெள்ளி ஒரு பொதுப் பெட்டியில் போட்டால் 50,000 வெள்ளி சேரும். அந்த வருஷம் இருவருக்கோ மூவருக்கோ பெரிய ஆபரேஷன் வரலாம். அது யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாததனால்தான் நூறு பேரும் போடச் சம்மதிக்கிறார்கள். நோய் வராதவர், "என் பணம் வீணாயிற்றே" என்று சொல்வது நியாயமாகாது. சுகமாயிருக்கும் வாலிபர்கள் எல்லாரும் அப்படிச் சொல்லி விலகிவிட்டால், பெட்டியில் எஞ்சுகிறவர்கள் நோயாளிகளும் வயோதிகர்களுமே. தலைக்கு 500 என்றிருந்தது 1,000 ஆகும்; அப்போது இன்னும் சிலர் விலகுவார்கள். தனியார் வைத்திய இன்ஷூரன்ஸ் கட்டணம் உயர்வதற்கு ஆஸ்பத்திரிச் செலவு ஏறுவது முதற்காரணம் என்றால், இந்த விலகல் இரண்டாவது காரணம். கட்டண உயர்வைப் பற்றிக் கூக்குரல் எழுந்தபின் 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டுமென்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. வட்டி, நிச்சயமின்மை, சூது ஆகிய மூன்றும் கலந்திருப்பதால் வழக்கமான ஆயுள் இன்ஷூரன்ஸ் கூடாது என்று மலேசிய தேசிய ஃபத்வா குழு 1972ல் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு நின்றுவிடாமல் மாற்று வழியும் தேடினார்கள். 1984ல் தக்காஃபுல் சட்டம் வந்தது. தக்காஃபுலில் நாம் கட்டும் பணத்தில் ஒரு பகுதி 'தபர்ரு', அதாவது நன்கொடை என்ற நிய்யத்தில் பொது நிதிக்குப் போகிறது. கம்பெனி அந்த நிதியை நடத்திக் கொடுக்கும் வக்கீல் மாத்திரமே. ஒருவர் கஷ்டத்தைப் பலர் சுமப்பது நமக்குப் புதிதா? ஒருவன் தவறுதலாக உயிர்ச்சேதம் விளைவித்துவிட்டால் நஷ்ட ஈட்டை அவனுடைய கூட்டத்தாரே பகிர்ந்து கட்டிய 'ஆகிலா' முறை நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாக இருக்கிறது.

இனி, சிப்பந்திகளின் விஷயம். சிரம்பானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் நம்மவர்கள் துணியும் மளிகையும் கொண்டுபோய், சம்பள நாள்வரை பற்று எழுதி வியாபாரம் செய்தவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியையும் டிரசரையும் பற்றி அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளிக்கு வைத்தியம் செய்விப்பது முதலாளியின் கடமை என்பதை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பே வகுத்திருந்தது. சில தோட்டங்களில் அது பெயரளவில்தான் இருந்தது என்றாலும் கொள்கை சரியானது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது, வேலை இழந்தவர்கள் வைத்தியத்தையும் சேர்த்தே இழந்தார்கள்.

இன்று தெமியாங்கிலிருந்து பட்டணத்தைத் தாண்டி ராசா சாலைக்குப் போனால் துவாங்கு ஜாஃபர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரஜைகளுக்கு அரசாங்க வெளிநோயாளர் வைத்தியம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. ஆனால் அதே வாசலில் நிற்கும் ஊர்க்காரப் பையன் பெர்மிட்டில் வந்தவனாயிருந்தால் கணக்கு வேறு. 2017ல் வந்த கட்டண விகிதப்படி வெளிநாட்டார் மூன்றாம் வகுப்பு வார்டில் சேர 1,400 வெள்ளி, ஆபரேஷன் என்றால் 2,800 வெள்ளி முன்பணம். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டவன் நள்ளிரவில் இதற்கு எங்கே போவான்? வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்துவிடுவான். குடல்வால் வெடித்த பிறகே முதலாளிக்குத் தெரியவரும்.

இதற்காகவே 2011ல் வெளிநாட்டுத் தொழிலாளர் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் திட்டம் கொண்டுவரப்பட்டது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 120 வெள்ளிதான் கட்டணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பெற்றால்தான் அது செல்லும். சாதாரணக் காய்ச்சலுக்குச் செல்லாது. வேலையில் ஏற்படும் காயத்துக்கு வேறு ஏற்பாடு: 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவில் சேர்க்கப்பட்டனர். வேலை விபத்துக்கான சந்தா சம்பளத்தில் 1.25 விழுக்காடு, அது முழுவதும் முதலாளி கட்ட வேண்டியது. பையனின் சம்பளத்தில் பிடிப்பது சட்டத்துக்கும் விரோதம், அமானிதத்துக்கும் விரோதம். கொதிக்கும் எண்ணெயும் இறைச்சி வெட்டும் கத்தியும் உள்ள நம் சமையற்கட்டுகளில் இது எத்தனை அவசியமென்று உணவகம் நடத்துபவர்களே அறிவர்.

முதலாளிகளில் பலர் தாமும் சொக்சோவுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தப் பெயரில் கடை நடத்துபவர் சட்டப்படி தொழிலாளியல்லர். தாமே பதிந்துகொண்டால்தான் உண்டு. சுயதொழில் செய்வோருக்கான சட்டம் 2017ல் டாக்சி ஓட்டிகளை வைத்துத் தொடங்கி, 2020ல் தெருவோர வியாபாரிகள் உட்படப் பல துறைகளுக்கும் விரிந்தது. அப்போது வகுத்த நான்கு திட்டங்களில் மிகக் குறைந்தது வருஷத்துக்கு 157 வெள்ளி 20 காசு. இதுவும் தொழிலில் நேரும் விபத்துக்கும் தொழில்சார்ந்த நோய்க்கும் மாத்திரமே என்பதால், இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியோ தக்காஃபுலோதான் துணை.

தக்காஃபுல் மெடிக்கல் கார்டு எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் உண்மையை எழுத வேண்டும். சர்க்கரை நோயை மறைத்துக் கையெழுத்திட்டு, பிறகு கால் புண்ணுக்குப் பணம் மறுத்துவிட்டார்கள் என்று புலம்புவதில் பயனில்லை. கார்டு கைக்கு வந்தவுடன் எல்லா நோய்க்கும் செல்லுபடியாகாது. வழக்கமாக முதல் 30 நாட்களும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். ஏஜெண்டு இதை வேகமாகச் சொல்லிப் போனால், திரும்பச் சொல்லும்படி கேளுங்கள்.

வருஷாவருஷம் பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது அந்தந்தப் பையனின் இன்ஷூரன்ஸ் தேதியையும் சொக்சோ பதிவையும் பார்த்துவிடுங்கள். எல்லாருடைய கார்டு நகலையும் ஒரு கவரில் போட்டுக் கல்லாப்பெட்டியில் வைக்கலாம். முதலாளி ஊருக்குப் போயிருக்கும் இரவில்தான் வயிற்றுவலி வரும். அந்தக் கவர் எங்கேயிருக்கிறதென்று கடையில் தங்கும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.