எண்ணெய் தோய்ந்த சிறகு

ஆசிரியப் பெருமக்களே, இப்பாடத்தை ஓர் உதிர்ந்த இறகோடு தொடங்குக. ரமணாசிரமப் பகுதியில் மயில்கள் உலவுவதால் எமக்கு இறகுக்குக் குறைவில்லை. உங்கள் ஊரில் காக்கை இறகு போதும். அதன்மேல் ஒரு துளி நீர் விடுக. முத்துப்போல் உருண்டு விழும். பின்பு விரல்நுனியால் சிறிது எண்ணெய் தடவுக. சீராக இருந்த இழைகள் கற்றை கற்றையாகத் திரண்டு, இடையிடையே சந்து தெரியும்.

இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பின்னியவை. அப்பின்னலே பறவைக்கு மேலாடை. நீரை வெளியே நிறுத்தி, வெம்மையை உள்ளே காப்பது அதுவே. எண்ணெய் பட்டதும் பின்னல் குலைகிறது. நீர் உடலைத் தொடுகிறது, உடல் குளிர்கிறது, மிதக்கும் ஆற்றல் குன்றுகிறது. தன்னைத் தூய்மை செய்துகொள்ளப் பறவை அலகால் சிறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் சென்று குடலையும் ஈரலையும் கெடுக்கிறது. அடைகாக்கும் பறவையின் மார்பிலிருந்து சில துளிகள் முட்டை ஓட்டில் படிந்தாலும் உள்ளிருக்கும் கரு மடியக்கூடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது, மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளிப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து கடலிலும் பரவியது. காட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் படகும் வலையும் கரிய பிசினில் மூழ்கின. வெண்சாம்பல் நிறக் கூழைக்கடாக்கள் கறுத்த மார்போடு அங்கே நின்றதை நாளிதழ்ப் படங்களில் கண்டோம். வனத்துறையினர் அவற்றை மீட்க முற்பட்டனர். அதிலோர் இக்கட்டு உண்டு. பாதி எண்ணெய் பட்ட பறவை இன்னும் பறக்கும். ஆகவே எளிதில் பிடிபடாது. துரத்தினால் எஞ்சிய வலுவும் தீரும். முற்றிலும் தளர்ந்து கையில் சிக்கும்போதோ, பல வேளைகளில் காலம் கடந்திருக்கும்.

இரக்கம் இருந்தால் போதும் என்று யாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். பல்லாண்டுகளுக்கு முன் பயிற்சி மாணவியரோடு சமுத்திர ஏரிக்கரையில் நடந்து சென்றோம். (எமது ஊருக்குக் கடல் இல்லை, ஆசிரமத்துக்கு அருகிலுள்ள ஏரிக்குத்தான் சமுத்திரம் என்று பெயர்.) வண்டிப் பட்டறை ஒன்றின் கழிவெண்ணெய் தேங்கிய வாய்க்காலில் மடையான் கொக்கு ஒன்று எழ முடியாமல் கிடந்தது. மாணவியர் அழுதனர். அதை எடுத்து வந்து, குழாய்த் தண்ணீரில் துணிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். பேனாவுக்கு மை ஊற்றும் குழலால் பால் புகட்டினோம். சுற்றி நின்று ஆளுக்கு ஒருமுறை தடவிக் கொடுத்தோம். விடியுமுன் அது இறந்துவிட்டது.

பின்னர் ஒரு கால்நடை மருத்துவரிடம் இதைக் கூறினோம். "அம்மா, எண்ணெயைவிட நீங்கள் செய்த உதவியே விரைவாகக் கொன்றிருக்கும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, இருந்தும் அச்சொல் இன்றளவும் எம்முள் இருக்கிறது. குளிர்ந்த உடலில் குளிர்நீர் ஊற்றினோம். பறவைக்கு ஒவ்வாத பாலை மூச்சுக்குழலில் புகும்படி ஊற்றினோம். எமது அன்பான கைகள் அதற்குப் பகைவிலங்கின் கைகளே.

முறை வேறு. முதலில் கழுவக்கூடாது. மெல்லிய துணியால் போர்த்தி எடுத்து, காற்றோட்டமுள்ள பெட்டியில், இருளும் வெதுவெதுப்பும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றலாகாது. கூழைக்கடா போன்ற பெரும்பறவையாயின் நாமே பிடிக்க முயலாமல், நாயும் சிறுவரும் நெருங்காதபடி தொலைவில் நின்று காத்தலே நன்று. அறிந்தவர்கள் அதற்கு வெம்மையும் நீர்ச்சத்தும் அளித்து, வலுவடைந்த பின்னரே, ஏறக்குறைய 40 பாகை வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து கழுவுவர். அலசுதலுக்கும் அதே அளவு கவனம் வேண்டும். சோப்பு எஞ்சினாலும் நீர் உள்ளே புகும்.

இம்முறையால் பயன் உண்டா என வினவுவோர் உளர். 2000 சூனில் தென்னாப்பிரிக்கக் கடலில் 'ட்ரெஷர்' என்னும் கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பென்குவின்களை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பயிற்சி பெற்றுக் கழுவினர். அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின.

நம் சமயத்தின் ஐந்து சமிதிகளுள் பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடிருத்தல் ஒன்று. கமண்டலத்துக்கும் சுவடிக்கும் உரியதென்றே மாணவர்க்கு அதைச் சொல்லி வந்தோம். ஐம்பொறியும் உடைய ஓர் உயிரைக் கையில் எடுக்கும் வேளைக்கு அது எத்துணைப் பொருந்தும் என்பதை அந்தக் கொக்கு இறந்த பின்னரே உணர்ந்தோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் மாணவியர் மூவர் பட்டறைக்காரரிடம் சென்று பேசினர். அவர் முதலில் சிரித்தார். மறுவாரம் யாம் அவ்வழியே சென்றபோது, வாய்க்காலின் தலைப்பில் கழிவெண்ணெய்க்கென ஒரு தகர டப்பா வைத்திருந்தார். அதற்கு மூடி இல்லை. மழைக்கு முன் மூடி தேவை என்று சொல்லிவிட்டு வந்தோம்.